வெளிநாட்டுக்குப் பார்சல்: காசும் கரையாமல், சுங்கத்திலும் சிக்காமல்

எங்கள் தெருவில் யார் வீட்டுப் பிள்ளை வெளிநாடு போனாலும், முதல் பார்சல் கட்டும்போது என்னைக் கூப்பிடுவார்கள். மகள் ஜெர்மனியில், தம்பி குடும்பம் ஷார்ஜாவில், நாத்தனார் மகன் அமெரிக்காவில். மதுரையிலிருந்து மூன்று திசைக்கும் மாற்றி மாற்றி அனுப்பிப் பழகிவிட்டது. வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எதுல அனுப்புனா மலிவு மதினி?" என்பதுதான். "என்ன அனுப்பப் போறீங்க?" என்று நான் திருப்பிக் கேட்பேன். செலவில் பெரும்பகுதி அந்தப் பதிலிலேயே முடிவாகிவிடும். சுங்கத்தில் வருகிற தொல்லையும் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

எடைக்குத்தான் காசு. அதனால் அங்கே கடையில் கிடைக்கிற எதையும் இங்கிருந்து அனுப்புவதில்லை என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். ஜெர்மனியில் கொஞ்சம் பெரிய ஊர் என்றாலே நம் சாமான் விற்கும் கடை இருக்கிறது. ஈழத்துத் தமிழர்கள் நடத்தும் கடைகளில் முருங்கைக்காய், இடியாப்ப மாவு, நல்லெண்ணெய் எல்லாம் வாங்கலாம். ஷார்ஜாவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆகவே அரிசி, பருப்பு, எண்ணெய், ஊறுகாய் பாட்டில் எதுவும் என் பெட்டியில் ஏறாது. வீட்டில் வறுத்து அரைத்த சாம்பார்ப் பொடி, இட்லிப் பொடி, சுண்டைக்காய் வற்றல், மணத்தக்காளி வற்றல், கூழ் வடாம், சுக்குமல்லிப் பொடி, கொட்டை எடுத்த புளி கொஞ்சம், இவைதான் ஏறும். அப்புறம் அளவெடுத்துத் தைத்த ரவிக்கை, பேத்திக்குப் பாவாடை சட்டை, தமிழ்க் கதைப் புத்தகங்கள். எடை குறைவு, மாதக்கணக்கில் கெடாது, அங்கே காசு கொடுத்தாலும் இதே கைப்பக்குவம் கிடைக்காது. இந்த மூன்றுக்கும் பொருந்தாத பொருளை எடுத்து ஓரமாக வைத்துவிடுவேன்.

தீபாவளிக்குப் பலகாரம் அனுப்பாமல் இருக்க எந்த அம்மாவுக்கு மனம் வரும்? ஆனால் கைமுறுக்கு வேண்டாம். பாதி நொறுங்கித்தான் போய்ச் சேரும், இடத்தையும் அடைக்கும். சீடை, தட்டை நல்லது. பொருள்விளங்கா உருண்டை எல்லாவற்றையும்விட நல்லது. கல் மாதிரி இருக்கும், உடையாது, ஊசிப்போகாது. சர்க்கரைப் பாகில் செய்ததை அனுப்பலாம், பாலில் செய்ததை அனுப்பக் கூடாது. பால்கோவாவுக்கு அந்தப் பக்கத்துச் சட்டமும் இடம் தராது. அதைப் பிறகு சொல்கிறேன்.

இனி எடைக்கணக்கு. அஞ்சல் துறையின் வெளிநாட்டு ஸ்பீட் போஸ்டுக்கும் விமானப் பார்சலுக்கும் கட்டணம் 250 கிராம் படிகளாக ஏறும். பெட்டி 2 கிலோ 260 கிராம் இருந்தால் இரண்டரைக் கிலோவுக்குக் கட்டணம் வாங்குவார்கள். அந்தப் பத்து கிராமுக்காக அடுத்த படிக்குக் காசு கட்டுவது வீண்செலவு. அதனால் வீட்டிலேயே ஒரு சிறிய டிஜிட்டல் தராசு வைத்திருக்கிறேன். பெட்டி, டேப், உள்ளே சுற்றிய காகிதம் எல்லாம் சேர்த்து எடை போட்டு, படிக்கு முப்பது கிராம் கீழே நிறுத்திக்கொள்வேன். கவுன்டரில் இருக்கும் தராசு நம் தராசோடு அப்படியே ஒத்துப்போகாது, அதற்காகத்தான் அந்த இடைவெளி. கட்டணத்தை அஞ்சல் துறை இணையதளத்தில் நாட்டையும் எடையையும் போட்டு முன்பே பார்த்துவிடலாம். லேசான பொருள் என்றால் டிராக்கிங் வசதியுள்ள சிறு பாக்கெட் சேவை மலிவு. அவசரமில்லை என்றால் ஸ்பீட் போஸ்டைவிட விமானப் பார்சலில் கட்டணம் குறையும். எந்த நாட்டுக்கு எந்தச் சேவை உண்டு என்பது மாறும், கவுன்டரில் இரண்டு கட்டணத்தையும் கேட்டு ஒப்பிட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

தனியார் கூரியருக்குப் போனால் கணக்கே வேறு. அவர்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை, பெட்டி அடைக்கும் இடத்தையும் பார்ப்பார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000 ஆல் வகுப்பார்கள். வருகிற எண் நிஜ எடையைவிட அதிகமாக இருந்தால் அதற்குத்தான் காசு. 45, 35, 35 அளவுள்ள பெட்டியில் வடாமும் அப்பளமுமாக அடுக்கினால் தராசில் நான்கு கிலோகூட வராது. கணக்குப் போட்டால் 11 கிலோ ஆகிவிடும். ஆகவே காற்றடைத்த பலகாரத்துக்குக் கூரியர் ஏற்றதல்ல. புடவை, புத்தகம், பொடி மாதிரி அடர்த்தியான பொருளைச் சின்னப் பெட்டியில் இறுக்கி அடைத்தால்தான் அங்கே கட்டுப்படியாகும்.

பெட்டி கட்டுவதில் எனக்கென்று ஒரு முறை இருக்கிறது. முன்பெல்லாம் காடாத் துணியில் தைத்து, தையல் நெடுக அரக்கு வைப்பார்கள். இப்போது கெட்டியான அட்டைப்பெட்டி போதும். மளிகைக்கடையில் பிஸ்கெட் வந்த பழைய பெட்டியை எடுக்கக் கூடாது. மேலே இருக்கும் பெயரும் பார்கோடும் குழப்பத்தை உண்டாக்கும், ஏற்கெனவே அடி வாங்கிய அட்டை விமானத்தில் நசுங்கும். பொடியை முதலில் நன்றாக ஆறவிட வேண்டும். சூட்டோடு கட்டினால் உள்ளே வியர்த்துக் கட்டி தட்டிவிடும். ஆறியபின் கெட்டியான பாலித்தீன் பையில் போட்டுக் காற்றை வெளியேற்றி ஒட்ட வேண்டும். பெரிய இனிப்புக் கடைகளில் கொஞ்சம் காசு வாங்கிக்கொண்டு வாக்குவம் பேக் செய்து தருகிறார்கள். அந்தச் செலவு தகும். காற்று இல்லாததால் பொடி ஒரு பலகை போல உறைந்து நிற்கும், வாசனையும் வெளியே வராது. ஒவ்வொரு பைக்குள்ளும் ஒரு சீட்டு: என்ன பொருள், என்ன போட்டிருக்கிறது, எந்தத் தேதியில் செய்தது. பையின் மேல் ஒட்டினால் உரசலில் கிழிந்துவிடும். வாக்குவம் போடும்போதே எழுத்து வெளியே தெரியும்படி உள்ளே வைத்துவிடுங்கள். பருத்தித் துணிகளைப் பெட்டியின் ஓரங்களில் சுருட்டி வைத்தால் தனியாகத் தெர்மோகோல் வாங்க வேண்டியதில்லை.

அஞ்சலகம் போகும்போது பெட்டியை ஒட்டாமல் கொண்டுபோவது நல்லது. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க அவர்களுக்கு உரிமை உண்டு. ஒட்டிய பெட்டியைக் கவுன்டரில் வைத்து அறுப்பதைப் பார்த்தால் மனசே ஆறாது. டேப், கத்தரி, மார்க்கர், ஆதார் நகல் இவற்றை ஒரு பையில் போட்டு எடுத்துப் போனால் வேலை சுலபமாக முடியும்.

சரி, இப்போது படிவத்துக்கு வருகிறேன். எல்லோரும் அவசர அவசரமாக நிரப்புவது இதைத்தான், எல்லாத் தலைவலியும் கிளம்புவதும் இங்கேதான்.

சின்ன பாக்கெட்டுக்கு சிஎன் 22, பார்சலுக்கு சிஎன் 23 என்று இரண்டு சுங்கப் படிவங்கள் உண்டு. பெட்டிமேல் ஒட்டுகிற சாதாரணக் காகிதம் என்று பலர் நினைக்கிறார்கள். பெட்டி விமானம் ஏறும் முன்பே அதில் எழுதியிருப்பது கணினி வழியாக அந்த நாட்டுக்குப் போய்விடுகிறது. உலக அஞ்சல் ஒன்றியம் 2021 ஜனவரி 1 முதல் இதைக் கட்டாயமாக்கியது. ஐரோப்பிய ஒன்றியம் அதே ஆண்டு மார்ச்சிலிருந்து வருகிற விவரத்தைப் பாதுகாப்புக்காகச் சோதிக்கவும் தொடங்கியது. 'பரிசுப் பொருள்', 'தின்பண்டம்', 'வீட்டுச் சாமான்' என்று பொத்தாம்பொதுவாக இருந்தால் பெட்டி நின்றுவிடலாம், திரும்பியும் வரலாம். அந்தப் பக்கம் திரையைப் பார்த்து உட்கார்ந்திருப்பவருக்கு மணத்தக்காளி என்றால் என்னவென்று தெரியாது. நம் பெட்டியைப் பார்த்தவரும் இல்லை. நாம் எழுதிய நாலு வரியை வைத்துத்தான் அவர் திறப்பதா விடுவதா என்று முடிவெடுக்க வேண்டும். அவருக்குப் புரிகிற மாதிரி எழுத வேண்டியது நம் பொறுப்பு.

மகளுக்கு அனுப்பும் ஒரு பெட்டிக்கு நான் எழுதும் பட்டியல் இப்படி இருக்கும். வறுத்து அரைத்த மசாலாப் பொடி, வீட்டில் செய்தது, 500 கிராம், 300 ரூபாய். வெயிலில் காயவைத்த சுண்டைக்காய், சமையலுக்கு, 200 கிராம், 150 ரூபாய். அரிசி மாவு வடாம், பொரிக்காதது, 400 கிராம், 160 ரூபாய். குழந்தைக்கான பருத்திப் பாவாடை சட்டை, புதியது, 1, 900 ரூபாய். பருத்தி ரவிக்கை, பெண்களுக்கானது, 2, 1,000 ரூபாய். சிறுவர் கதைப் புத்தகம், 3, 450 ரூபாய். மொத்தம் 2,960 ரூபாய். இதை ஆங்கிலத்தில் டைப் செய்து, ஒரு நகலைக் கவுன்டரில் கொடுத்துவிடுவேன், ஒரு நகல் பெட்டிக்குள், ஒன்று என்னிடம். கவுன்டர் தம்பி கணினியில் ஏற்றும்போது கூடவே நின்று பார்ப்பேன். கூட்டமான நேரத்தில் ஆறு வரியையும் சேர்த்து ஒரே வரியாகப் போட்டுவிடுவது நடக்கும். "தம்பி, ஒவ்வொண்ணா போட்டுருப்பா, பிள்ளை அங்க அலையக் கூடாது" என்று தன்மையாகச் சொன்னால் செய்து தருவார். ரசீதோடு வரும் அச்சுப்படியை நகர்வதற்கு முன் படித்துவிடுங்கள். நகர்ந்தபின் திருத்த முடியாது.

பொருளுக்கு ஒரு குறியீட்டு எண்ணும் கேட்பார்கள். எச்எஸ் கோடு என்பது அதுதான். முதல் ஆறு இலக்கம் உலகம் முழுக்க ஒன்று. அச்சடித்த புத்தகத்துக்கு 490199, அப்பளத்துக்கு 190590, மஞ்சளுக்கு 091030. நாம் வழக்கமாக அனுப்புகிற பத்துப் பொருளுக்கு ஒருமுறை தேடிக் குறித்துவைத்தால் போதும், ஆயுசுக்கும் உதவும்.

விலையை எப்படிப் போடுவது என்பதில் நிறையப் பேருக்குத் தப்பான யோசனை சொல்லப்படுகிறது. "எல்லாத்துக்கும் பத்து ரூபா போடுங்க" என்பார்கள். போடாதீர்கள். பார்சல் தொலைந்தால் இழப்பீடு எழுதிய விலைக்கு மேல் கிடைக்காது. நம்ப முடியாத விலையாக இருந்தால் அதிகாரி அதே பொருளை இணையத்தில் தேடித் தானே ஒரு விலை வைப்பார், அதன் மேல் வரி விழும். கடையில் வாங்கியதற்கு ரசீதில் உள்ள விலை, வீட்டில் செய்ததற்குச் சாமான் வாங்கிய செலவு. இரண்டுமே உண்மை, யார் கேட்டாலும் சொல்லலாம்.

உண்மை விலை எழுதினாலும் வரி வராமல் அனுப்ப வழி இருக்கிறது. ஒவ்வொரு நாட்டிலும் பரிசுக்கு ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள், அதற்குள் நிற்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் தனியாள் தனியாளுக்கு எப்போதாவது அனுப்பும் பரிசுக்கு 45 யூரோ வரை வரி கிடையாது. யூரோவை நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 4,500 ரூபாய். மேலே சொன்ன பெட்டி அதற்குள் வந்துவிடுகிறது. பிரிட்டனில் 39 பவுண்டு, கனடாவில் 60 கனடிய டாலர். படிவத்தில் பரிசு என்ற கட்டத்தில் டிக் அடித்தால் மட்டும் போதாது, அனுப்புபவர் பெயரும் ஆள் பெயராக இருக்க வேண்டும். ஜவுளிக்கடையிலிருந்து கடைப் பெயரிலேயே நேராக அனுப்பச் சொன்னால் அது பரிசு ஆகாது, விற்பனைக் கணக்கில் போய்விடும்.

பட்டுப்புடவை இந்த வரம்புக்குள் அடங்காது. பன்னிரண்டாயிரம் ரூபாய்ப் புடவையைத் தபாலில் ஜெர்மனிக்கு அனுப்பினால் இறக்குமதி வரியை மகள் கட்ட வேண்டியிருக்கும். விமானத்தில் போகும் வயதுவந்தவர் ஒருவர் தம் பெட்டியில் 430 யூரோ மதிப்பு வரை பொருள் கொண்டுபோகலாம். ஆகவே பட்டுப்புடவை மாப்பிள்ளை விடுமுறைக்கு வந்து திரும்பும்வரை பீரோவில் காத்திருக்கும். முன்பின் தெரியாதவர் பெட்டியில் நம் பொருளைக் கொடுக்கவும் வேண்டாம், அவர்கள் கொடுப்பதை நம் பிள்ளைகள் வாங்கவும் வேண்டாம். உள்ளே என்ன இருந்தாலும் பதில் சொல்ல வேண்டியவர் பெட்டியைத் தூக்கிப்போனவர்தான்.

நாத்தனார் மகனுக்கு அனுப்புவது முன்பு சுலபமாக இருந்தது. 800 டாலர் மதிப்பு வரை அமெரிக்காவில் வரியே இல்லை. 2025 ஆகஸ்ட் 29 முதல் அந்தச் சலுகையை எல்லா நாட்டுக்கும் எடுத்துவிட்டார்கள். அந்த நேரத்தில் நம் அஞ்சல் துறையும் அமெரிக்கப் பார்சலை நிறுத்தி, அக்டோபர் 15-ல்தான் திரும்பத் தொடங்கியது. வரியை இங்கே புக்கிங் செய்யும்போதே வசூலிக்கும் முறையும் அப்போது வந்தது. 100 டாலர் வரையிலான நிஜப் பரிசுக்கு விலக்கு தனியாக உண்டு. வரி விகிதம் அடிக்கடி மாறுவதால் அமெரிக்காவுக்கு மட்டும் பெட்டி கட்டும் முன்பே அஞ்சலகத்தில் கேட்டுவிடுகிறேன். உணவுப் பொருளுக்கு அங்கே இன்னொரு விதி இருக்கிறது. தபாலில் வரும் உணவுக்கு அவர்களுடைய உணவு, மருந்து நிர்வாகத்துக்கு முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும். ஒருவர் தம் வீட்டில் தாமே செய்து, தாமே பரிசாக அனுப்பும் பண்டத்துக்கு மட்டும் அது தேவையில்லை. ஆக அம்மா கைப்படச் செய்த சீடைக்கு இருக்கிற சலுகை கடையில் வாங்கிய சீடைக்கு இல்லை. 'வீட்டில் செய்தது' என்று பட்டியலில் எழுதுவது அதனால்தான்.

எதை அனுப்பக் கூடாது என்பதில் நம் சமையலறையில் இருப்பவையே நிறைய மாட்டுகின்றன. அதை விவரமாகச் சொல்ல வேண்டும்.

கறிவேப்பிலையில் தொடங்குகிறேன். ஒரு கொத்து இலையில் என்ன வந்துவிடப் போகிறது என்று தோன்றும். கறிவேப்பிலைச் செடியில் தங்கும் சிறு பூச்சி ஒன்று எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைப் பட்டுப்போக வைக்கும் நோயைப் பரப்புகிறது. அமெரிக்காவில் ஃபுளோரிடாவின் ஆரஞ்சுத் தோட்டங்கள் அந்த நோயால் அழிந்திருக்கின்றன. அதனால் அங்கே கறிவேப்பிலைக்குத் தடை. ஐரோப்பாவுக்கும் பச்சை இலை, காய், பழம் அநேகமாக எல்லாவற்றுக்கும் தாவர நலச் சான்றிதழ் வேண்டும், வீட்டிலிருந்து அனுப்புபவருக்கு அது நடக்கிற காரியமில்லை. ஐரோப்பாவுக்கு என்றால் கறிவேப்பிலைப் பொடியாக அரைத்து அனுப்பலாம், நான் அப்படித்தான் செய்கிறேன். பால்கனியில் போட என்று கீரை விதை கேட்பார்கள். விதைக்கும் இதே சான்றிதழ் வேண்டும், அனுப்பாதீர்கள்.

ஆஸ்திரேலியாவில் பிள்ளை இருப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். தானியத்தை அரிக்கும் கப்ரா வண்டு வந்துவிடும் என்று அரிசி, கொண்டைக்கடலை, துவரம்பருப்பு, பச்சைப்பயறு, சீரகம், கொத்தமல்லி விதை, மிளகாய் வற்றல் இவற்றை முழுதாகத் தபாலில் அனுப்புவதை அந்த நாடு தடுத்திருக்கிறது. அமெரிக்காவும் வீட்டு உபயோகத்துக்கு அனுப்பும் அரிசியை அதே காரணத்துக்காக விடுவதில்லை.

கசகசா. குருமாவுக்கும் மசாலாவுக்கும் போடுகிறோம், ஒன்றும் தோன்றாது. ஆனால் அது அபினிச் செடியின் விதை. ஐக்கிய அரபு அமீரகத்திலும் சவுதியிலும் அதைப் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் பார்க்கிறார்கள், சிங்கப்பூரிலும் கட்டுப்பாடு உண்டு. தம்பிக்கு அரைக்கும் மசாலாவில் ஒரு சிட்டிகைகூட நான் சேர்ப்பதில்லை. கடையில் வாங்கிய மசாலா பாக்கெட் என்றால் பின்னால் இருக்கும் சேர்மானப் பட்டியலை ஒரு எழுத்து விடாமல் படித்துவிட்டுத்தான் வைப்பேன். தின்பண்டம் போய்ச் சேராவிட்டால் போகிறது, இதில் பிள்ளை சட்டத்துக்கு முன் நிற்க வேண்டிவரும். வளைகுடாவில் யார் இருந்தாலும் அவர்கள் வீட்டாரிடம் இதைச் சொல்லிவிடுகிறேன்.

இறைச்சியும் பால் பொருளும் ஐரோப்பாவுக்குத் தபாலில் போகாது. நெய், பால்கோவா, பால் பவுடர், உப்புக்கண்டம் எல்லாம் இதில் சேரும். ஃபில்டர் காபிப் பொடி போகும், ஆனால் ஜெர்மனியில் காபிக்கென்றே தனி வரி இருக்கிறது. பரிசுப் பார்சலில் அரை கிலோ வரைதான் விலக்கு என்பதால் அதற்கு மேல் வைப்பதில்லை. மருந்து விஷயத்தில் ஜெர்மனி கறார். தனியாள் பெயருக்கு வெளிநாட்டிலிருந்து மருந்து தபாலில் வரக் கூடாது. லேகியம், சூரணம், தைலம் எல்லாவற்றையும் அவர்கள் மருந்தாகவே பார்க்கலாம். பிரசவித்த பெண்ணுக்குப் பிரசவ லேகியம் அனுப்ப ஆசைப்படுவோம், ஆனால் நாமே போகும்போது அங்கே செய்துகொடுப்பதுதான் வழி. அமீரகத்திலும் இருமல் மருந்தில் இருக்கும் கோடீன் மாதிரிச் சேர்மானங்களுக்குக் கடும் கட்டுப்பாடு உண்டு.

பூஜைச் சாமானில் கற்பூரம் எரியும் பொருள், விமானத்தில் ஏறாது. தீப்பெட்டியும் அப்படியே. ஊதுபத்தி பரவாயில்லை. திருநீற்றை வீட்டுப் பொட்டலமாகக் கட்டி அனுப்பினால் எக்ஸ்ரேயில் பார்ப்பவருக்கு அது பெயர் தெரியாத வெள்ளைப் பொடி. அச்சடித்த உறையோடு கடையில் விற்கும் பாக்கெட்டை உறை பிரிக்காமல் வைத்து, பட்டியலில் 'வழிபாட்டுக்கான சாம்பல்' என்று எழுதிவிட்டால் சந்தேகம் வராது. மயிலிறகை இங்கேயே நிறுத்திவிடுவார்கள், அதை ஏற்றுமதி செய்ய நம் நாட்டிலேயே அனுமதி இல்லை. பாட்டி காலத்துக் குத்துவிளக்கு, பூஜைச் சிலை இவற்றுக்கும் கவனம் வேண்டும். நூறு வருடத்துக்கு மேற்பட்ட கலைப்பொருள் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள், தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. பழைய ஏட்டுச்சுவடிக்கு 75 வருடம்தான் கணக்கு. புது விளக்காக வாங்கி ரசீதோடு அனுப்புங்கள். பேட்டரி போட்ட பொம்மை, பவர் பேங்க், சென்ட், நகை, ரூபாய் நோட்டு இவற்றைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

வியாபாரமாகப் புடவையோ பொம்மையோ அனுப்புகிறவர்களுக்கு வழி வேறு. அவர்கள் ஏற்றுமதியாளர் எண் வாங்கி, அஞ்சல் வழி ஏற்றுமதிப் பத்திரம் போட வேண்டும். அதற்கு உதவ 'டாக் கர் நிர்யாத் கேந்திரா' என்ற பெயரில் அஞ்சல் துறை 2022-லிருந்து மையங்கள் திறந்திருக்கிறது. விற்பனைப் பொருளைப் பரிசு என்று எழுதி அனுப்பி ஒரு முறை மாட்டினால், அதே முகவரிக்கு வரும் அடுத்தடுத்த பெட்டிகளும் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

பத்து கிலோவுக்கு மேல் என்றால் ஏஜென்ட் மூலமாகப் போகும் கூரியரில் கிலோ விலை குறையும் என்பது உண்மைதான். வீட்டுக்கே வந்து எடுத்துக்கொள்வார்கள், பேக்கிங்கும் அவர்களே. வயதானவர்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டுக் கொடுக்க வேண்டும். நாத்தனார் ஒரு முறை மகனுக்குப் பெரிய பெட்டி ஒன்றை ஏஜென்ட் ஒருவரிடம் கொடுத்தார். "கஸ்டம்ஸ் எல்லாம் நாங்க பாத்துக்குவோம்க்கா, நீங்க கவலைப்படாதீங்க" என்றார்கள். பெட்டி அமெரிக்கச் சுங்கத்தில் நின்றபிறகுதான் தெரிந்தது, நாத்தனார் கொடுத்த பட்டியலை விட்டுவிட்டு வெறும் துணி என்று எழுதியிருக்கிறார்கள். உள்ளே பாதிக்கு மேல் பலகாரமும் பொடியும். அனுப்புபவர் பெயரும் வேறு யாருடையதோ. மகன் அங்கே போன் செய்து கேட்டால், காகிதத்தில் இருக்கும் பெயருக்கும் அவர் சொல்வதற்கும் பொருந்தவில்லை. பெட்டி கடைசிவரை வந்து சேரவில்லை, ஏஜென்ட்டும் பணத்தைத் திருப்பித் தரவில்லை. ராத்திரி பகலாக உட்கார்ந்து சுட்டது அத்தனையும் போயிற்று என்று நாத்தனார் அழுததை என்னால் மறக்க முடியவில்லை.

அதிலிருந்து ஏஜென்ட்டிடம் நான் கேட்கும் கேள்விகள் மாறவே இல்லை. எந்த நிறுவனத்தின் விமானத்தில் போகிறது, டிராக்கிங் எண் என் கைக்கு எப்போது வரும்? அனுப்புபவர் என்று யார் பெயரைப் போடுவீர்கள்? பொருள் பட்டியல் நான் கொடுத்தபடியே ஏறுமா, அதன் நகலைத் தருவீர்களா? சொல்கிற கட்டணத்தில் அங்கே கட்ட வேண்டிய வரி அடக்கமா இல்லையா? நிஜ எடைக்கா, இட அளவுக்கா காசு? இதற்கு வாய்ப்பேச்சாகப் பதில் வந்தால் போதாது, வாட்ஸ்அப்பில் எழுத்தாக வரவேண்டும். தயங்குகிறவரிடம் பெட்டியைக் கொடுப்பதில்லை. கிலோவுக்கு ஐம்பது ரூபாய் கூடினாலும் பரவாயில்லை, எழுதித் தருபவரிடமே கொடுக்கிறேன்.

தபாலில் போட்டால் படிவத்தில் இன்னொரு கட்டம் இருக்கிறது. பெரும்பாலும் யாரும் கவனிப்பதில்லை. பார்சலைக் கொடுக்க முடியாமல் போனால் திருப்பி அனுப்புவதா, கைவிட்டதாக வைத்துக்கொள்வதா என்று கேட்டிருக்கும். திரும்பி வரும் செலவு அனுப்பியவர் தலையில் விழலாம். வெறும் பொடியும் வற்றலும் என்றால் கைவிடலாம் என்று டிக் செய்கிறேன். துணியும் புத்தகமும் இருந்தால் மட்டும் திரும்ப வரட்டும்.

வாங்குபவரின் செல்போன் எண்ணும் மின்னஞ்சலும் படிவத்தில் கட்டாயம் இருக்க வேண்டும். அந்த ஊர் எண்ணாக இருக்கட்டும், வாட்ஸ்அப்புக்காக வைத்திருக்கும் இந்திய எண்ணைக் கொடுக்காதீர்கள். ரசீதில் பதின்மூன்று எழுத்து எண் இருக்கும். முன்னால் இரண்டு ஆங்கில எழுத்து, நடுவில் ஒன்பது இலக்கம், கடைசியில் 'ஐஎன்'. முதல் எழுத்து 'ஈ' என்றால் ஸ்பீட் போஸ்ட், 'சி' என்றால் பார்சல், 'ஆர்' என்றால் பதிவுத் தபால். பெட்டி நாடு தாண்டியபிறகு நம் ஊர் இணையதளத்தில் ஒரே வரி நாள்கணக்கில் அசையாமல் நிற்கும். பயப்பட வேண்டாம். அதே எண்ணை அந்த நாட்டு அஞ்சல் இணையதளத்தில் போட்டால் பெரும்பாலும் புது விவரம் தெரியும். தீபாவளிக்கு அனுப்புவதாக இருந்தால் ஒரு மாதத்துக்கு முன்பே போட்டுவிடுகிறேன். கடைசி வாரக் கூட்டத்தில் கவுன்டரில் பட்டியலை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள் என்று கேட்கவும் முடியாது, அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

புக்கிங் முடிந்ததும் ரசீது, பொருள் பட்டியல், கடை ரசீதுகள், ஒட்டுவதற்கு முன் எடுத்த பெட்டியின் போட்டோ எல்லாவற்றையும் மகளுக்கு அனுப்பிவிடுவேன். சில நேரம் பெட்டி வீட்டுக்குப் போகாமல், அருகிலுள்ள சுங்க அலுவலகத்துக்கு வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லிக் கடிதம் வரும். ஜெர்மனியில் இது சகஜம், கையோடு விலைச் சான்றைத்தான் முதலில் கேட்பார்கள். அவள் போனில் இருக்கும் பட்டியலைக் காட்டி, இது வீட்டில் அம்மா செய்தது, இன்னதற்கு இன்ன ரசீது என்று சொல்வாள். எதிரிலேயே பெட்டியைத் திறக்கச் சொல்வார்கள், பைக்குள் இருக்கும் சீட்டும் பட்டியலும் ஒத்துப்போனால் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்துவிடுவார்கள். எத்தனை நாளைக்குப் பெட்டியை வைத்திருப்பார்கள் என்று அந்தக் கடிதத்திலேயே இருக்கும். அந்தத் தேதிக்குள் போய் வாங்கச் சொல்லுங்கள், தாண்டினால் பெட்டி திரும்பக் கிளம்பிவிடும்.